நடுவுல வந்த ஊர்

சொந்த ஊரை விட்டு எப்படிக் கிளம்பணும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாமி கும்பிட்டு, திருநீறு பூசிக்கிட்டு, பெரியவங்க கால்ல விழுந்து, எதிர்ல யாராவது நல்ல மனுஷங்க வர்றாங்களான்னு பார்த்து, "போயிட்டு வர்றேன்"னு சொல்லி வண்டி ஏறணும். "போறேன்"னு மட்டும் வாய் தவறிச் சொல்லிட்டா அம்மா அடிக்கவே வந்துடுவாங்க.

சொன்ன மாதிரி திரும்பியும் போயிடறோம். தங்கச்சி கல்யாணம், பெரியப்பா காரியம், கோயில் கும்பாபிஷேகம், பத்திர ஆபீஸ்ல கையெழுத்துன்னு சொந்த ஊர் நம்மளை ஏதாவது ஒரு சாக்குல இழுத்துக்கிட்டே இருக்கும்.

ஆனா நம்மள்ல நிறையப் பேருக்கு நடுவுல ஒரு ஊர் வந்திருக்கும். பொறந்த ஊரும் இல்லை, இப்ப இருக்கற ஊரும் இல்லை. வேலைக்காகப் போய் அஞ்சாறு வருஷம் இருந்திருப்போம். அங்க சொந்தக்காரங்க கிடையாது, காலி மனை கிடையாது, குலதெய்வம் கிடையாது. அந்த ஊர்லயும் கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்"னுதான் சொல்லியிருப்போம். ஆனா எதுக்குத் திரும்பிப் போவோம்?

இதை நான் யோசிக்கக் காரணம் ஒரு தம்பி. நண்பரோட அக்கா பையன், திருச்சிக்காரன், வயசு 26. ஆஸ்திரேலியாவோட 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசாவுல மெல்பர்ன் வந்திருக்கான். 2024 செப்டம்பர்லதான் இந்தியாக்காரங்களுக்கு அதைத் திறந்துவிட்டாங்க. 18-ல இருந்து 30 வயசு வரைக்கும் விண்ணப்பிக்கலாம், வருஷத்துக்கு 1,000 இடம், குலுக்கல்ல பேர் விழணும். 12 மாசம் இருக்கலாம், ஊர் சுத்தலாம், வேலையும் பார்க்கலாம். பொதுவா ஒரே முதலாளிகிட்ட ஆறு மாசத்துக்கு மேல இருக்கக்கூடாது. ரெண்டாவது வருஷமும் வேணும்னா தோட்ட வேலை மாதிரி குறிப்பிட்ட வேலை ஏதாவது ஒண்ணை, அதுக்குன்னு ஒதுக்கின பகுதியில போய் மூணு மாசம் செஞ்சிருக்கணும்.

தம்பி இங்க ஒரு காபிக் கடையில ஆறு மாசத்தை முடிச்சுட்டான். அடுத்து குவீன்ஸ்லாந்துல போவன் பக்கம் தக்காளி பறிக்கப் போறான். ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தவன் சாம்பாரைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னான்: "திருச்சியை விட்டு வரும்போது கூட எனக்கு இப்படி இல்லண்ணே. இங்க இருந்து போகத்தான் ஒரு மாதிரி இருக்கு. ஆறு மாசம் இருந்த ஊருக்காக அழுதா சிரிப்பாங்களேன்னு யார்கிட்டயும் சொல்லலை."

என் மனைவி அவனுக்கு இன்னொரு கரண்டி சோத்தைப் போட்டுட்டு என்னைப் பார்த்தாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்தான் ஞாபகம் வந்துச்சு.

மைசூர். (2014 நவம்பர் 1-ல இருந்து அரசாங்கக் கணக்குல மைசூரு. எங்க வாய்க்கு இன்னும் மைசூர்தான், மன்னிச்சுக்கோங்க.)

எனக்குப் பவானி. அங்க இருந்து கோபி, சத்தியமங்கலம், பண்ணாரி அம்மனுக்கு ஒரு கும்பிடு, அப்புறம் திம்பம் மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவு, ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு. அவ்வளவுதான், மைசூர். 2007-ல ஹெப்பாள் தொழிற்பேட்டையில வேலை கிடைச்சுப் போனப்ப, ரெண்டு வருஷத்துல சென்னைக்கு மாறிடலாம்னுதான் கணக்கு. ஒன்பது வருஷம் ஆயிடுச்சு. பொண்ணு 2009-ல அங்கதான் பொறந்தா.

சரஸ்வதிபுரத்துல ஒரு மாடி வீடு. கீழே ஓனரம்மா. எங்கம்மா முதல் தடவை வந்தப்ப அவங்க வாசல்ல நின்னு சிரிச்ச முகமா "பன்னி, பன்னி"ன்னு கூப்பிட, எங்கம்மா முகம் போன போக்கு இருக்கே! "வாங்க வாங்கன்னு அர்த்தம்மா"ன்னு புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு :-)

அந்த ஊர்ல அப்படி என்ன இருந்துச்சுன்னு கேட்டா, அரண்மனைன்னு சொல்லமாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு ஒண்ணா எரியறது அழகுதான். ஆனா அது விருந்தாளிங்களைக் கூட்டிட்டுப் போற இடம். எங்களுக்கு மைசூர்னா காலையில குக்கரஹள்ளி ஏரிக்கரை. கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் உக்காந்திருக்க, தாத்தாக்கள் மங்கி குல்லா போட்டு நடந்துட்டிருப்பாங்க. தேவராஜ மார்க்கெட்ல முழம் போட்டு வாங்கற மைசூர் மல்லிகை. சாமுண்டி மலையில ஆயிரம் படி ஏறும்போது நடுவுல நந்தி கிட்ட உக்காந்து மூச்சு வாங்கறது. ராத்திரி ஒன்பதரைக்கு ஊரே அடங்கிடும். எங்க ரெண்டு பேருக்கும் வாழ்க்கையில சண்டை போடாம இருந்த வருஷங்கள்னா அதுதான்னு மனைவி சொல்வாங்க. (நான் மறுக்கலை.)

அங்க தமிழனா இருக்கறதுல ஒரு வேடிக்கை உண்டு. பவானியில பேப்பரைத் திறந்தா மேட்டூர் நீர்மட்டம், நிரம்பினா 120 அடி. மைசூர்ல பேப்பரைத் திறந்தா கேஆர்எஸ் நீர்மட்டம், அங்க கணக்கு 124.80 அடி. நான் ரெண்டையும் பார்ப்பேன். வீட்டுக் குழாயில வந்ததும் காவிரிதான். அதே ஆறுதான் ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், ஒகேனக்கல், மேட்டூர்னு இறங்கி எங்க பவானி கூடுதுறைக்கு வருது. ஆபீஸ்ல காவிரிப் பேச்சு வந்தா நான் டீ குடிக்க எழுந்து போயிடுவேன். பக்கத்து சீட் நண்பரும் எனக்காகவே எழுந்து வந்துடுவார்.

மைசூர் ஒரு விதத்துல, பொறந்து வளர்ந்தவங்களே விட்டுட்டுப் போற ஊர். அதுல நம்மாளுங்க கொஞ்சம் அதிகம். ஆர்.கே. நாராயண் பொறந்தது 1906-ல சென்னையில. அப்பா மைசூர்ல ஹெட்மாஸ்டர் ஆனதால இங்க வந்தார், மகாராஜா காலேஜ்ல படிச்சார், யாதவகிரியில வீடு கட்டினார். மால்குடியை எழுதினதும் பெரும்பாலும் மைசூர்ல இருந்துதான். தள்ளாத வயசுல 1990-களின் தொடக்கத்துல சென்னைக்கு வந்து, 2001-ல அங்கேயே காலமானார். தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் 1921-ல மைசூர்லயே பொறந்து, பம்பாய் போய்ப் பேர் வாங்கினவர்.

எனக்கு நெருக்கமா தோணறது ஏ.கே. ராமானுஜன். 1929-ல மைசூர்ல ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்துல பொறந்தவர். அம்மாகிட்ட தமிழ், தெருவுல கன்னடம், மாடியில கணக்கு வாத்தியார் அப்பாகிட்ட இங்கிலீஷ். வெளிநாட்டுல வளர்ற நம்ம பிள்ளைங்க கதை மாதிரியே இல்லை? பிறகு சிகாகோ பல்கலைக்கழகம். அங்க 1962-ல லைப்ரரி அடித்தளத்துல பழைய தமிழ் இலக்கணம் தேடிப் போனவர் கையில உ.வே.சா. பதிப்பிச்ச குறுந்தொகை கிடைச்சுது. 1967-ல அதுல இருந்து எடுத்த பாட்டுகளை இங்கிலீஷ்ல கொண்டுவந்தார். கன்னடத்தையும் விடலை. சிகாகோவுல இருந்துகிட்டே 1969-ல கன்னடத்துல கவிதைத் தொகுப்பு போட்டார், 1973-ல கன்னட வசனங்களை இங்கிலீஷ்ல தந்தார். 1993-ல சிகாகோவுலதான் காலமானார். மைசூரை விட்டு வந்தாலும் மைசூர் வேலை அவர் கையில இருந்துக்கிட்டே இருந்துச்சு.

இன்னொரு கூட்டமும் இருக்கு. கோகுலம் பக்கம் போனா பாதி வெளிநாட்டு முகமா இருக்கும். அஷ்டாங்க யோகா கத்துக்க வர்றவங்க. 1933-ல கிருஷ்ணமாச்சார்யா ஜகன்மோகன் அரண்மனையில நடத்த ஆரம்பிச்ச யோகசாலையில இருந்து வர்ற பரம்பரை அது. அவர் பிற்பாடு சென்னைக்குப் போயிட்டார், சிஷ்யர் பட்டாபி ஜோயிஸ் மைசூர்லயே இருந்தார். லக்ஷ்மிபுரத்து வீட்டுல சொல்லிக் கொடுத்துட்டிருந்தவர், 2002-ல கோகுலத்துல பெரிசா இடம் கட்டினார். 2009-ல அவர் மறைஞ்ச பிறகும் கூட்டம் குறையலை. விடியக்காலையில பயிற்சி, அப்புறம் இளநீர் வண்டி கிட்ட அரட்டை. அமாவாசை, பௌர்ணமின்னா லீவு. நம்ம ஊர் ஆளுங்களை விட அவங்களுக்குத்தான் பஞ்சாங்கம் நல்லாத் தெரியும்!

அவங்க ஒரு மாசம், ரெண்டு மாசம்னு இருந்துட்டுக் கிளம்பிடுவாங்க. என்கூட வேலை பார்த்தவர் வீட்டு மாடியில ஒரு பிரேசில் பொண்ணு தங்கும். ஊருக்குப் போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியில யோகா விரிப்பு, ஒரு குக்கர், ரெண்டு பெட்ஷீட்டுன்னு போட்டுப் பூட்டி, சாவியை நண்பரோட அம்மாகிட்ட கொடுத்துட்டுப் போயிடும். மூணு வருஷம் கழிச்சு வந்தாலும் பெட்டி அப்படியே இருக்கும். "அது அவங்க திரும்பி வர்றதுக்குக் கட்டின முன்பணம்"னு அவர் சிரிப்பார். அப்ப எனக்கு அது பெரிசா தோணலை.

2016 மே மாசம் நாங்க கிளம்பினோம். ஆஸ்திரேலியாவுல வேலை, பொண்ணுக்கு ரெண்டாங்கிளாஸ் முடிஞ்ச நேரம். வேற காரணம் எதுவும் இல்லை. ஆனா அந்த வருஷம் செப்டம்பர்ல காவிரிப் பிரச்னை வெடிச்சுது. 12-ஆம் தேதி பெங்களூர்ல தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்ஸுங்க எரிஞ்சதை நாங்க இங்க டிவியிலதான் பார்த்தோம். இன்னைக்கும் ஊர்ல யாராவது, "நல்ல வேளை, கலவரத்துக்கு முன்னாடியே தப்பிச்சு வந்துட்டீங்க"ன்னு சொல்வாங்க. நாங்க யார்கிட்ட இருந்தும் தப்பிச்சு வரலைங்க. அந்த வாரம் ஓனரம்மா போன் பண்ணினாங்க. முதல் கேள்வி, "பவானியில அப்பா அம்மா நல்லா இருக்காங்களா?" ரெண்டாவது கேள்வி, "பாப்பா சாப்பிடுதா?" காவிரி பத்தி ஒரு வார்த்தை வரலை.

கிளம்பும்போது ஒரு விஷயம் மட்டும் முடிவாகாம நின்னுச்சு. கொலு பொம்மைங்க. பவானியில எங்க வீட்டுல கொலு வைக்கிற பழக்கமே கிடையாது. மைசூர்ல தசரான்னா வீட்டுக்கு வீடு பொம்மைதான். கல்யாணத்துல பொண்ணுக்குச் சீராக் கொடுக்கற மர ராஜா ராணி பொம்மையை நடுவுல வச்சு, சுத்தி மத்ததை அடுக்குவாங்க. ஓனரம்மாவைப் பார்த்து என் மனைவியும் ஆரம்பிச்சாங்க. வருஷத்துக்கு நாலஞ்சுன்னு தசரா பொருட்காட்சியில வாங்கினது, சென்னபட்டணத்துல பஸ்ஸை விட்டு இறங்கி வாங்கின மர யானை, இப்படி நாப்பது பொம்மை சேர்ந்துடுச்சு. மண் பொம்மை விமானத்துல வந்தா பொடியாயிடும். மரம்னா இங்க ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணணும். ஆளுக்கு 30 கிலோவுல இட்லிச் சட்டியா, பொம்மையான்னு வந்தா எது ஜெயிக்கும்னு உங்களுக்கே தெரியும். "இங்க இருக்கட்டும், என் படியில வச்சுக்கறேன்"னு ஓனரம்மா பெட்டியைக் கீழே இறக்கிட்டாங்க. அன்னைக்கு நாங்க "ஹோகி பர்த்தீவி"ன்னு சொன்னோம், அவங்க "ஹோக்பிட்டு பன்னி"ன்னு சொன்னாங்க. நம்ம மாதிரியே அங்கயும் யாரும் வெறுமனே போறதில்லை.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் நவராத்திரிக்கு வாட்ஸ்அப்ல படம் வரும். அவங்க படியில நாலாவது வரிசை முழுக்க எங்க பொம்மைங்க. பொண்ணு பெரிசு பண்ணிப் பார்த்து, தன்னோட மர யானை எங்க நிக்குதுன்னு தேடுவா.

அந்த யானைக்கு அவ வச்ச பேரு அர்ஜுனா. நிஜ அர்ஜுனா தசரா யானை. தசராவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே காட்டு முகாம்ல இருந்து யானைங்க அரண்மனைக்கு வந்துடும். முதுகுல மணல் மூட்டையைக் கட்டி, பன்னிமண்டபம் வரைக்கும் நடக்கவிட்டுப் பழக்குவாங்க. விஜயதசமியன்னைக்கு 750 கிலோ தங்க அம்பாரியில சாமுண்டீஸ்வரியைச் சுமக்கணுமே! ஸ்கூல் போற வழியில ஸ்கூட்டரை ஓரங்கட்டி நின்னு அந்த நடையைப் பார்க்கறது எங்க பொண்ணுக்கு வழக்கம். 2012-ல இருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அம்பாரி சுமந்தது அர்ஜுனாதான்.

2023 டிசம்பர் 4. ஹாசன் மாவட்டத்துல ஒரு காட்டு யானையைப் பிடிக்கற வேலைக்குக் கூட்டிட்டுப் போன இடத்துல, ஒரு கொம்பன் தாக்கி அர்ஜுனா செத்துப் போச்சு. அறுபது வயசைத் தாண்டின யானை, அம்பாரியில இருந்து ஓய்வு பெற்ற யானை. ஓனரம்மாதான் செய்தி அனுப்பினாங்க. பொண்ணுக்கு அப்ப 14 வயசு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. ஸ்கூல்ல சொல்லி ஆறுதல் தேடக்கூட வழியில்லை. "ஒரு யானை செத்துப் போச்சு"ன்னு சொன்னா மெல்பர்ன்ல யாருக்குப் புரியும்? சொந்த ஊர்ல துக்கம்னா டிக்கெட் போடலாம், லீவு கேக்கலாம். இதுக்கு எந்தப் படிவத்துல என்ன உறவுன்னு எழுதறது? மைசூர்ல எங்களுக்குச் சொந்தம்னு யாரும் இல்லைன்னு நான் சொல்லிட்டிருந்ததை அன்னைக்கு நிறுத்திட்டேன்.

இவ்வளவும் இருந்தும், அதுவரைக்கும் இந்தியா போன ஒவ்வொரு தடவையும் மைசூர் விட்டுப் போச்சு. மூணு வாரம் லீவு எப்படிக் கரையும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் வீடு அஞ்சு நாள், பல் டாக்டர் ரெண்டு நாள், வங்கி ஒரு நாள். கல்யாணத்துக்குப் போகாட்டி கோவிச்சுக்குவாங்க. ஒரு ஊர் கோவிச்சுக்குமா என்ன?

2024 நவம்பர்ல ஓனரம்மா போன். அவங்க அமெரிக்காவுல, மகன் வீட்டுல, நியூஜெர்சியில! வீட்டுக்காரர் போன பிறகு தனியா இருக்க வேண்டாம்னு மகன் கூட்டிட்டுப் போயிட்டாராம். சரஸ்வதிபுரம் வீட்டை ஜாயிண்ட் வென்ச்சர்ல பில்டருக்குக் கொடுத்தாச்சு. "உங்க பொம்மைப் பெட்டி என் தங்கச்சி வீட்டுல, குவெம்புநகர்ல இருக்கு. வந்து எடுத்துக்கறீங்களா?"ன்னு கேட்டாங்க. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. எங்களுக்காவது பவானி இருக்கு. அவங்களுக்கு அதுதான் சொந்த ஊர், எழுபது வயசுக்கு மேல விட்டுட்டு வந்திருக்காங்க.

2025 ஜனவரியில போனோம். திம்பத்துல இப்ப ராத்திரி வண்டி விடறதில்லை, 2022 பிப்ரவரியில இருந்து வனவிலங்குகளுக்காகத் தடை. அதனால காலையில கிளம்பினோம். சரஸ்வதிபுரத்துல வீடு இருந்த இடத்துல தகரம் அடைச்சிருந்துச்சு. தெரு முனை பேக்கரிக்காரர் எங்களை அடையாளம் கண்டு, பொண்ணுகிட்ட கன்னடத்துல பேசினார். அவ தட்டுத்தடுமாறி, ஆஸ்திரேலியா ராகத்துல பதில் சொன்னா. அவர் சிரிக்கலை, ஒவ்வொரு வார்த்தைக்கும் பொறுமையா காத்திருந்தார். யாதவகிரியில நாராயண் வீட்டுக்கும் போனோம். 2011-ல இடிக்க ஆரம்பிச்சு, எதிர்ப்பு வந்து நிறுத்தி, 2016-ல அருங்காட்சியகமா திறந்த வீடு. அவர் போன பிறகு ஊர் அந்த வீட்டைப் பிடிச்சு வச்சுக்கிச்சு. நமக்கெல்லாம் ஊர் அப்படிச் செய்யுமா? நாமதான் செஞ்சுக்கணும்.

குவெம்புநகர்ல தங்கச்சியம்மா காபி கொடுத்து, பெட்டியைத் திறந்து காட்டினாங்க. ஒரு பொம்மை கூட உடையலை. நான் வண்டியில ஏத்திப் பவானிக்குக் கொண்டு போகலாம்னு எழுந்தேன். அங்க பரண்ல இடம் இருக்கு. மனைவி கேட்டாங்க: "பவானிக்குத்தான் நாம எப்படியும் போவோமே. இதையும் கொண்டு போயிட்டா, மைசூருக்கு இனிமே என்ன சொல்லி வர்றது?"

தங்கச்சியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா புரிஞ்சுக்கிட்டாங்க. பெட்டியைத் திரும்ப மூடி, "என் படியிலயும் இடம் இருக்கு"ன்னாங்க. பொண்ணு மர யானையை மட்டும் கையில எடுத்தா, கொஞ்ச நேரம் வச்சிருந்தா, அதையும் உள்ளயே வச்சுட்டா. அந்த வருஷ நவராத்திரிக்கு குவெம்புநகர்ல இருந்து படம் வந்துச்சு. நான் அதை நியூஜெர்சிக்கு அனுப்பினேன். உடனே போன், ஒரு மணி நேரம் பேச்சு, பாதிக்கு மேல அழுகை.

திருச்சித் தம்பிகிட்ட இதைத்தான் சொன்னேன். அழறதுக்கு வெக்கப்படாதே, ஆறு மாசம்னாலும் அது ஊர்தான். ஆனா மொத்தமா மூட்டை கட்டாதே. காபிக் கடையில யார்கிட்டயாவது ஒரு புத்தகத்தை இரவல் கொடு, இல்லை வாங்கிட்டுப் போ. ஏதோ ஒரு சின்ன வேலையை முடிக்காம வச்சுட்டுப் போ. கடனும் உறவும் திரும்பக் கூப்பிடும். கடையில பழகின ஒரு பெரியவர்கிட்ட சைக்கிளை விட்டுட்டுப் போறேன்னான். நல்ல யோசனை.

எங்க பொண்ணு இப்பல்லாம் சனிக்கிழமை காலையில நியூஜெர்சி அஜ்ஜிகிட்ட கன்னடம் படிக்கிறா. அங்க அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு தசராவுக்கு எல்லாருமா மைசூர்ல சேரணும்னு ரெண்டு பேரும் திட்டம் போட்டுட்டிருக்காங்க. அக்டோபர்ல இங்க ஸ்கூல் லீவு எப்ப முடியுது, அங்க டிக்கெட் என்ன விலைன்னு என்னைத்தான் பார்க்கச் சொல்றாங்க.

உங்களுக்கும் இப்படி நடுவுல ஒரு ஊர் இருக்கும். புனேவோ, மஸ்கட்டோ, சிங்கப்பூரோ. அங்க உங்க சாமான் ஏதாவது இன்னும் யார் வீட்டுப் பரண்லயாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. இருந்தா, உடனே போய் எடுத்துட்டு வந்துடாதீங்க. ஒரு போன் மட்டும் போட்டு, பத்திரமா இருக்கான்னு கேளுங்க.